பின்யா கொலாடா: விடுதியிலிருந்து வீட்டுக்கு

அன்னாசிச் சாறு, கெட்டித் தேங்காய்ப்பால், ரம் ஆகியவற்றைப் பனிக்கட்டியுடன் சேர்த்துக் கலக்கும் பின்யா கொலாடா என்னும் காக்டெயில், கரீபியக் கடலிலுள்ள புவேர்த்தோ ரிக்கோ தீவின் அடையாளமாக இன்று அறியப்பட்டாலும், அதன் சேர்மானங்களுள் அன்னாசி ஒன்றே அமெரிக்க மண்ணுக்கு உரியது. தென்னமெரிக்காவில் தோன்றிப் பழங்குடி மக்களின் கைவழியே தீவுகளுக்குப் பரவிய அப்பழத்தை, 1493இல் குவாதலூப் தீவில் கொலம்பஸின் குழுவினர் கண்டனர். அதே பயணத்தில் அவர்கள் கொண்டுசென்ற கரும்பு, அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பால் பெருந்தோட்டப் பயிராயிற்று. அக்கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் என்னும் கரும்பழுப்புப் பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடிப்பதே ரம். தென்னை 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்களில் வந்து சேர்ந்தது. அட்லாண்டிக் கரையோரத் தென்னைகள் தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய பகுதிகளின் தென்னையினத்தோடு உறவுடையவை என்பதை 2011இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது.

இம்மூன்றும் ஒரே தீவில் விளைந்தும் ஒரே குவளையில் சேர நெடுங்காலம் ஆயிற்று. பின்யா கொலாடா என்பது தொடக்கத்தில் வடிகட்டிய அன்னாசிச் சாற்றையே குறித்தது. 1922இல் அமெரிக்கப் பயண இதழொன்று கியூபாவில் வழங்கிய இப்பானத்தில் ரம், எலுமிச்சை, சர்க்கரை ஆகியவை சேர்ந்ததைப் பதிவுசெய்தபோதும் தேங்காய் அதில் இடம்பெறவில்லை. தேங்காயைத் துருவிப் பிழிந்து தலைப்பால் எடுப்பதற்கு வேண்டிய நேரமும், எடுத்த பால் விரைவில் கெட்டுவிடும் இயல்பும், குவளைக்குக் குவளை உடனுக்குடன் கலந்து தரவேண்டிய மதுக்கூடத்துக்கு ஒத்துவரவில்லை.

இத்தடையை நீக்கியவர், புவேர்த்தோ ரிக்கோ பல்கலைக்கழகத்தில் வேளாண்மை கற்பித்த ரமோன் லோப்பெஸ் இரிசாரி ஆவார். தலைப்பாலைச் சர்க்கரையுடன் சேர்த்துக் கெடாமல் தகரக்குவளையில் அடைக்கும் முறையை அவர் உருவாக்க, அது கோகோ லோப்பெஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தொழில்மயமாக்கலையும் சுற்றுலாவையும் வளர்க்க விரும்பிய தீவின் அரசு கட்டிய கரீபே ஹில்டன் விடுதி 1949இல் சான் ஹுவான் நகரில் திறக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய ரமோன் மரேரோ 1954இல் இன்றைய கலவையை அமைத்தார் என அவ்விடுதி உரிமை கோர, அதே நகரின் பர்ராச்சினா உணவகம் அப்பெருமையை 1963ஆம் ஆண்டுக்கும் ரமோன் போர்த்தாஸ் மிங்கோத் என்பவருக்கும் உரியதாக்குகிறது. 1978இல் புவேர்த்தோ ரிக்கோ இதைத் தன் அதிகாரபூர்வப் பானமாக அறிவித்தது.

முதலில் கலந்தவர் யார் என்னும் வழக்கைவிட முதன்மையானது, இப்பானம் விடுதியைக் கடந்து வீடுகளுக்குள் நுழைந்த முறையாகும். நம் மிக்ஸியை ஒத்த பிளெண்டரை இசைக்குழுத் தலைவர் பிரெட் வாரிங் 1937இல் சிகாகோவில் அறிமுகப்படுத்தியபோது மதுக்கூடங்களே அதன் முதன்மைச் சந்தையாக இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது அமெரிக்கச் சமையலறைகளில் பரவவே, தகரக்குவளையில் கிடைத்த தேங்காய்ப்பாலும் அன்னாசிச் சாறும் கைவசமிருந்த எவரும், கலக்கும் கலையில் பயிற்சி பெறாமலேயே இதைச் செய்ய முடிந்தது. ஆகவே, இதன் வரலாற்றைக் கலவையைக் கண்டவரின் பெயரோடு நிறுத்தாமல், பயிர்களை விளைவித்த அடிமைகளின் உழைப்பிலும், துருவிப் பிழியும் வேலையை மிச்சப்படுத்திய ஓர் ஆசிரியரின் அறிவிலும் தேடுவதே முறையாகும்.