மேட்டில் ஒருவர்

144 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைக்குக் குன்று ஏறத் தெரியாது. அதனால் நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் திருவிழாவுக்கு, ஹாம்கள் எனும் அமெச்சூர் வானொலிக்காரர்களான நாங்கள் வாக்கி டாக்கியோடு நின்றால், ஒருவர் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, கீழே கேட்டதை அப்படியே மறுபக்கத்துக்குச் சொல்வார். பிள்ளை தொலைந்த சேதிகூட அப்படித்தான் போகும்.

ஹாம்களின் இந்தச் சேதி கடத்தும் பழக்கம் 2004 டிசம்பர் 26 அன்று அந்தமானில் உயிர்ச்சேதி சுமந்தது. அங்கு ஒலிபரப்பப் பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அனுமதியில், ஹாம் பாரதி பிரசாத்தின் குழு உலக ஹாம்களோடு பேசவே போர்ட் பிளேரில் ஆன்டெனா கட்டியிருந்தது. சுனாமியில் தொலைபேசி அறுந்ததும், அதே கருவியில் தீவுக்காரர்களின் நலச்சேதி கரையேறியது. நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

2009 நவம்பரில் எங்கள் அச்சனக்கல் கிராமத்தில் மண் சரிந்தது. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால், என் வாக்கி டாக்கி பேட்டரி அடுப்படி அலமாரியில், ஈரம் படாமல், சார்ஜோடு இருக்கும்.