தோட்டத்துத் தொலைநோக்கியும் சூரியனின் படமும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் சிறிய தொலைநோக்கி ஒன்றை வாங்கி எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிறுவினேன். அதன் கண்ணாடியின் விட்டம் ஆறு அங்குலம். வியாழனைக் கண்ணால் கண்டு மகிழ்ந்தது போதாமல், அதனைப் படம் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையும் பிறந்தது. ஓர் இரவில் ஐம்பது படங்கள் எடுத்தேன். அத்தனையிலும் வியாழன் பஞ்சுப் பொதிபோல் மங்கித் தெரிந்தது. அவற்றைக் கண்ட நண்பர் ஒருவர், “வானவெளிக்கே தொலைநோக்கிகளை அனுப்பிவிட்ட காலத்தில், நீங்கள் மாடியில் நின்று படம் எடுப்பதால் யாருக்கு என்ன பயன்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடி வரலாற்றைப் புரட்டியபோது கிடைத்த செய்திகளையே இன்று உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

சூரியனின் உருவத்தைத் தெளிவாகப் படமாக்கியவர்களில் முன்னோடிகள் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபீஸோ, ஃபூக்கோ என்னும் இருவர். 1845ஆம் ஆண்டில், வெள்ளி பூசிய தகட்டில் அவர்கள் எடுத்த படத்தில் சூரியனின் புள்ளிகளும் தெரிந்தன. அடுத்து இத்துறையை வளர்த்தவர் லண்டனில் காகிதத் தொழில் நடத்திய வாரன் டி லா ரூ. வானநூல் அவருக்குப் பிழைப்பன்று, விருப்பம். சூரியனைப் படம் பிடிப்பதற்கென்றே அவர் திட்டமிட்ட கருவி, லண்டனுக்கு அருகிலுள்ள கியூ என்னும் இடத்தில் 1858 முதல் இயங்கியது. பிழைப்புக்கு ஒரு தொழிலும் வானத்துக்கு ஒரு மனமும் வைத்திருந்தோரின் வரிசை அன்றே தொடங்கிவிட்டது.

அந்த வரிசையில் நம் தமிழ்நாட்டோடு உறவுடையவர் ஜான் எவர்ஷெட். 1864இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிறந்த இவர் தொழிலால் இரசாயனர். 1890இல் கென்லி என்னும் ஊரில் சொந்தமாக ஒரு வான ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். நண்பர் ரான்யார்டு இறந்தபோது, அவருடைய 18 அங்குலத் தொலைநோக்கி எவர்ஷெட்டுக்கு உரிமையாயிற்று. பகலெல்லாம் ஊதியத்துக்கு உழைத்து, எஞ்சிய நேரத்தில் சூரியனை ஆராய்ந்தார். 1898 ஜனவரி 22ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண இந்தியாவுக்கு வந்து, அதன் நிறமாலையைப் படம் பிடித்துச் சென்றார்.

இதற்கிடையே நம் நாட்டில் வேறொரு கவலை இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சூரியனை இடைவிடாமல் கவனித்தால் மழையின் போக்கு விளங்கலாம் என்று கருதியோர் அன்று பலர். இத்தகைய எண்ணங்களின் விளைவாகவே கோடைக்கானல் மலையில் சூரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்து, 1899இல் பணி தொடங்கியது. புள்ளிகளைக் கொண்டு பஞ்சத்தை முன்னறியலாம் என்ற நம்பிக்கை நிறைவேறவில்லை. எனினும் அந்த நிலையம் வேறு செல்வத்தைத் தந்தது.

1907இல் எவர்ஷெட் கோடைக்கானலுக்குப் பணியேற்க வந்தார். தோட்டத்து ஆராய்ச்சியாளர் மலைமேல் அரசாங்க ஆராய்ச்சியாளரானார். அங்கிருந்த ‘ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப்’ என்னும் கருவியைச் செம்மை செய்து இயங்கவைத்தார். அதன் வேலையை எளிதில் விளக்கலாம். வாசற்கதவின் இடுக்கு வழியே தேரோட்டத்தைப் பார்ப்பவனுக்கு ஒரு நேரத்தில் தேரின் ஒரு கீற்றே தெரியும்; தேர் முழுவதும் நகர்ந்து முடிந்த பின்னரே அவன் மனத்தில் முழுத் தேர் உருவாகும். அவ்வாறே இக்கருவியும் சூரியனின் ஒளியை ஒரு குறுகிய பிளவின் வழியே செலுத்தி, அதில் கால்சியம் போன்ற ஒரு தனிமத்துக்குரிய நிறத்தை மட்டும் பிரித்து, கீற்றுக் கீற்றாகச் சேர்த்து முழுப்படம் ஆக்குகிறது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சூரியனின் மேலடுக்கு அப்படத்தில் வெளிப்படுகிறது.

1909 ஜனவரி 5ஆம் நாள், சூரியப் புள்ளிகளின் நிறமாலையை எவர்ஷெட் படம் பிடித்தார். புள்ளிக்குள் வாயுக்கள் சுழல்காற்றுப்போல் சுழல்கின்றன என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. ஆனால் தட்டில் இருந்த கோடுகள் வேறு கதை கூறின. சூரிய விளிம்பை நோக்கிய பக்கத்தில் கோடுகள் சிவப்பை நோக்கியும், எதிர்ப்பக்கத்தில் ஊதாவை நோக்கியும் சற்றே விலகியிருந்தன. வாயுக்கள் சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும், விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேகத்தில், மேற்பரப்பை ஒட்டி வெளிநோக்கிப் பாய்கின்றன. இன்றும் உலகம் இதனை ‘எவர்ஷெட் விளைவு’ என்றே அழைக்கிறது.

இந்த வெற்றியில் அவருடைய மனைவி மேரிக்கும் பங்குண்டு. அவரும் வானத்தை விரும்பிக் கற்றவர். கணவருடன் சேர்ந்து சூரியனின் தீக்கொழுந்துகளை ஆராய்ந்தார். எவர்ஷெட்டோ தெளிவான, அசையாத காற்றைத் தேடி 1915இல் காஷ்மீரம் வரை சென்றார். 1923இல் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பியதும் என்ன செய்தார் தெரியுமா? மீண்டும் ஒரு சொந்த ஆய்வுக்கூடம் அமைத்து, சூரியனைத் தொடர்ந்து ஆராய்ந்தார்!

காற்றின் அசைவே என் படங்களையும் கெடுத்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இன்று வீட்டுத் தொலைநோக்கியாளர்கள் ஒரே படத்தை நம்பாமல், சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, காற்று அமைதியாக இருந்த கணங்களில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றாகச் சேர்க்கின்றனர். 2009 ஜூலை 19ஆம் நாள், ஆஸ்திரேலியாவில் தம் இல்லத்தில் தொலைநோக்கி வைத்திருந்த ஆண்டனி வெஸ்லி, வியாழனில் ஒரு புதிய கரும் வடுவைக் கண்டார். ஏதோ ஒரு பொருள் வியாழனில் மோதியதன் அடையாளம் அது. அவர் அறிவித்த பின்னரே பெரிய தொலைநோக்கிகள் அப்பக்கம் திரும்பின.

கோடைக்கானலிலோ 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் ஒரு நூற்றாண்டையும் கடந்த வரிசையாக நிற்கின்றன. அவற்றை இப்போது எண்ம முறையில் பதிந்து, சூரியனின் ஏற்ற இறக்கங்களை அறிஞர்கள் ஆராய்கின்றனர். ஒரு நாளைய படம் தனியே அதிகம் பேசாது. அது வரிசையில் நிற்கும்போதுதான் பேசும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுவது என் கடமை. தகுந்த வடிகட்டியைத் தொலைநோக்கியின் முகப்பில் பொருத்தாமல் சூரியனை அதன் வழியே பார்த்தால், ஒரு கணத்தில் கண்பார்வை அழியக்கூடும். எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் இதில் விளையாட்டு வேண்டாம்.

மீண்டும் அந்த நண்பரைச் சந்தித்தபோது எவர்ஷெட்டின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “சரி, இன்று இரவு வானம் தெளிவாக இருக்குமா?” என்று கேட்டார். அன்றிரவு இருவரும் மாடியில் நின்றோம். படங்கள் இன்னும் மங்கலாகவே வந்தன. ஆயினும் ஒன்றில் மட்டும் வியாழனின் இரு பட்டைகள் தெரிந்தன. அதன் பின்புறத்தில் நாளும் நேரமும் எழுதி வைத்தோம்.