மலையுச்சியில் ஒரு மனைவி

1905ஆம் ஆண்டில், இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் அவற்றுள் ஒன்று. ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டிய அவர், 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். படம் பார்க்கப் பழகிய கொங்கு நாடு பின்னர் படம் எடுக்கவும் தொடங்கியது. கோவையில் சென்ட்ரல், பட்சிராஜா ஆகிய ஸ்டுடியோக்களும், சேலத்தில் திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் எழுந்தன.

மாடர்ன் தியேட்டர்ஸின் முதற்படம் 1937இல் வந்த ‘சதி அகல்யா’. தலைப்பிலேயே ‘சதி’ நிற்கிறது. பொறுத்துக்கொள்பவளே பெண், கணவனே அவளுக்குத் தெய்வம் என்னும் அச்சு அன்றே வார்க்கப்பட்டுவிட்டது.

அதே நிறுவனம் 1950இல் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’ அந்த அச்சை உடைத்த படம் என்பர். மு. கருணாநிதி உரையாடல் எழுத, எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கினர். மந்திரியின் மகள் அமுதவல்லியாக மாதுரி தேவி நடித்தார். கொள்ளைக்காரனான கணவன் அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். சாகுமுன் கணவனை மும்முறை வலம்வந்து வணங்க விரும்புவதாக அவள் வேண்டுகிறாள். அவனும் இசைகிறான். வலம்வருபவள் பின்புறமிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

இது ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதை. ஆனால் குண்டலகேசிக்கு மலையுச்சி தொடக்கமே. அதன்பின் அவள் துறவு பூண்டு, சமயம் கற்று, அறிஞர்களை வாதுக்கு அழைத்தவள். அக்காப்பியத்தில் சில பாடல்களே நமக்குக் கிடைத்துள்ளன. எனினும் வாதிட்ட பெண்ணாகவே அவள் பெயர் நிலைத்தது. திரையில் எஞ்சியதோ அந்த ஒரு தள்ளல்தான். அதுவும் எப்படி? பதிபக்தி என்னும் முகமூடியை அணிந்தால்தான் அவளால் தன் உயிரைக் காத்துக்கொள்ள முடிகிறது. கணவனும் ஏமாறுகிறான், மனைவி இறக்கும்போதும் தன்னை வணங்குவாள் என்பதில் அவனுக்கு ஐயமே எழவில்லை. அச்சு உடைந்ததாக நான் கருதவில்லை. அச்சையே அவள் ஆயுதமாக்கினாள் என்பேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1954இல், கோவை பட்சிராஜாவில் ஸ்ரீராமுலு நாயுடு ‘மலைக்கள்ளன்’ எடுத்தார். கதை நாமக்கல் கவிஞருடையது. உரையாடல் அதே கருணாநிதி. இங்கும் மலையுண்டு, கள்வனுண்டு. ஆனால் பானுமதி ஏற்ற பூங்கோதை கடத்தப்படுபவள், பின் மீட்கப்படுபவள். பானுமதியோ சொந்தமாக ஸ்டுடியோ நடத்தி, 1953இலேயே படம் இயக்கியவர்! அத்தகையவருக்கும் திரையில் கிடைத்தது காக்கப்படும் பெண்ணின் வேடமே. படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் எனப் பல மொழிகளுக்கும் சென்றது.

‘மந்திரி குமாரி’யில், மலையேறும் வழியில் அத்தம்பதியர் பாடும் பாட்டொன்று உண்டு. ஜி. இராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. கொலைக்கு அழைத்துச் செல்பவனின் பாட்டு அது. ஆயினும் நம் வீடுகளில் அதை இனிய காதற்பாட்டாகவே முணுமுணுத்து வருகிறோம்.