படகுக்கு ஏற்ற தொலைநோக்கி



முதுமலைக் காட்டை அடுத்த மசினகுடியில், யானையையும் மானையும் தொலைவில் நின்று காண உதவும் பைனாகுலர் என்னும் இரட்டைத் தொலைநோக்கி புதுமையான பொருளன்று. காட்டிற்குப் பழகிப்போன இக்கருவியின் வரலாறு கடலோடு பிணைந்தது. அவ்வரலாற்றை அறிந்தவர்க்கு, படகில் செல்லும்போது எத்தகைய கண்ணாடி வேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

1608ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நெதர்லாந்தில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஷே, தொலைநோக்கிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அதனை இரு கண்களாலும் பார்க்கத்தக்கதாகச் செய்து தருமாறு ஆட்சி மன்றத்தார் அவரைக் கேட்டனர். மறு ஆண்டில் கலிலியோ, வெனிஸ் நகரப் பெரியோர்களைக் கோபுரத்தின் மேல் ஏற்றித் தம் கருவியைக் காட்டினார். வெறுங்கண்ணுக்குப் புலனாவதற்கு இரண்டு மணி நேரம் முன்னரே கப்பல்களை அதில் காண முடிந்தது. வணிகத்தாலும் கடற்படையாலும் வாழ்ந்த நகரத்திற்கு அந்த இரண்டு மணி நேரம் பெருஞ்செல்வம் அன்றோ?

ஆயினும் பழைய கருவிகள் நீண்டிருந்தன. அல்லது குறுகிய பரப்பையே காட்டின. 1854இல் இத்தாலியரான போரோ, முப்பட்டகக் கண்ணாடிகளால் ஒளியை மடக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1894இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம், அறிஞர் அப்பேயின் துணையோடு, இம்முறையில் அமைந்த கையடக்கமான இரட்டைத் தொலைநோக்கிகளை விற்பனைக்குக் கொணர்ந்தது.

கருவியின் மேல் 7×50 என்று பொறித்திருப்பதைக் காணலாம். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண், முன்புற வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. பெருக்கம் மிகுந்தால் நன்று என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் பத்து மடங்கு பெருக்கும் கருவி, கையின் நடுக்கத்தையும் படகின் ஆட்டத்தையும் பத்து மடங்கு பெருக்கிவிடும். அசையாத தரைமேல் நிற்பவர்க்கு எட்டோ பத்தோ பொருந்தும். அலைமேல் அமர்ந்தவர்க்கு ஏழே போதும்.

ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏறத்தாழ ஏழு வரும். கருவியிலிருந்து கண்ணை நோக்கி வரும் ஒளிக்கற்றையின் அகலம் அந்த ஏழு மில்லிமீட்டரே. இளையோரின் கண்மணி இருளில் விரிவதும் ஏறத்தாழ அவ்வளவே. ஆதலால் இரவில் கண் ஏற்கக்கூடிய ஒளி முழுவதையும் இக்கருவி தருகிறது. இரண்டாம் உலகப் போரில் கடற்படைகள் இவ்வளவையே பெரிதும் கையாண்டன.

இருளில் காணுதல் உயிர் காக்கும் செயல். 1912 ஏப்ரல் 14ஆம் நாள், நிலவற்ற இரவில், டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. 1,500 பேருக்கு மேல் மாண்டனர். பாய்மரக் கூண்டில் இருந்த காவலரிடம் தொலைநோக்கி இல்லை. இருந்திருந்தால் சற்று முன்னரே கண்டிருப்போம் என்று அவருள் ஒருவரான பிரெடரிக் பிளீட் விசாரணையில் கூறினார். அதனால் கப்பல் தப்பியிருக்குமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. காவற்பணிக்குரிய கருவி உரிய இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

மசினகுடியை அடுத்த சிங்காரா மின்நிலையத்தை 1932 முதல் இயக்கிவரும் நீர், பைக்காரா ஆற்றினது. அவ்வாற்றின் ஏரியில் படகேறுவோர்க்கும் கடலோடியின் விதியே பொருந்தும். மூடுபனி மிகுந்த நீலகிரியில், நீர் புகாது அடைத்து, உள்ளே நைட்ரஜன் நிரப்பிய கருவியே உட்புறம் பனிபடியாது தெளிவு காக்கும். கழுத்துவார் இல்லாத கருவியோ ஒருநாள் நீருக்கே இரையாகும்.

கருவியின் பெருமை எண்ணின் மிகுதியில் இல்லை. நிற்கும் இடத்திற்கும் காணும் கண்ணுக்கும் ஏற்றதைத் தேர்வதே அறிவுடைமை.