அடுக்கும் கைகள்

சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு பெருகிய ஆபீஸ்கள் இவை. விடியுமுன்னே பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். கட்டை அடுக்கணும்: ஒரு குச்சி, அடுத்த குச்சி, அதற்கடுத்த குச்சி. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்த அந்தக் கைகளை யாரும் நோய் என்று சொல்லவில்லை. கை வேகம் என்றார்கள்; எண்ணிக் கூலி கொடுத்தார்கள்.

இன்னொரு பிள்ளை. வீட்டுத் திண்ணையில் காலிப் பெட்டிகளை வரிசையாக அடுக்குகிறது, கலைத்தால் அலறுகிறது, கைகளை உதறிக்கொண்டே இருக்கிறது. ‘எதுக்கு இதையே செஞ்சுக்கிட்டிருக்க, நிப்பாட்டு’ என்கிறோம். இங்கே அது நோய்க்குறி. உற்பத்திக்கு உதவும் திரும்பச்செய்தல் ஒழுங்கு, உதவாதது கோளாறு: இந்தப் பிரிவினை எந்தச் சொல்லாடலுக்குள் உருவானது?

1943இல் அமெரிக்காவில் லியோ கான்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். எதுவும் மாறக்கூடாது என்ற அவர்களது பிடிவாதம் ஆட்டிசத்தின் இலக்கணமாயிற்று. 1965இல் ஐவர் லோவாஸ், ஐந்து வயது இரட்டையர் இருவரை மின்சாரம் பாயும் தரையில் நிறுத்தி, அதிர்ச்சி கொடுத்து அச்செயல்களை அடக்கினார். 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி. 40 மணி என்பது ஒரு தொழிலாளியின் வேலை வாரம். 9 பேர் ‘இயல்பானார்கள்’ என்றார். அதட்டலும் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியில் உண்டு. அடுத்து மாத்திரை. 2009இல் 149 பிள்ளைகளிடம் சிட்டலோபிராம் மருந்தைச் சோதித்தார்கள். திரும்பச்செய்தலைக் குறைப்பதில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை.

பிறகு ஆட்டிசம் உள்ளவர்களே பேசத் தொடங்கினார்கள். கையை உதறினால் மனசு அடங்குகிறது, சந்தோஷத்திலும் உதறுகிறோம், நிறுத்தச் சொன்னால் மூச்சு முட்டுகிறது என்றார்கள். தலையைச் சுவரில் மோதும் பிள்ளையைத் தடுக்கத்தான் வேண்டும். அதற்கு முன் பல்வலியா, காதுவலியா, வெடிச்சத்தமா என்று பார்க்கணும். யாருக்கும் கெடுதல் செய்யாத கையை ஏன் கட்ட வேண்டும்?

தீப்பெட்டி ஆபீஸின் அடுக்கலும் திண்ணையின் அடுக்கலும் ஒன்றல்ல. ஒன்று பசி இட்ட கட்டளை, மற்றது பிள்ளையின் சொந்தத் தேவை. 1996இல் உச்சநீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும் என்றது. அந்தக் கைகளை மீட்கப் போராடியவர்கள் நாம். திண்ணையில் அடுக்கும் கைகளுக்காகவும் நாம் பேச வேண்டும்.