கம்பி எந்தத் தெருவோடு நிற்கிறது?

1924இல் சென்னைச் சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் தீண்டப்படாதார் என்று சொல்லப்பட்டவர்கள் புழங்கத் தடையில்லை என்பது அதன் சாரம். இரட்டைமலை சீனிவாசன் உள்ளிட்ட நம் பிரதிநிதிகளின் முயற்சியால் வந்தது அது. அதற்கப்புறம் நூறு வருசம் ஓடிப்போச்சு. இதற்கிடையில் ‘தகவல் நெடுஞ்சாலை’ என்று இன்னொரு பொதுச் சாலையும் வந்துவிட்டது. அது கிராமத்துக்குள் எந்த வழியாக நுழைந்தது, யார் வாசலோடு நின்றது என்கிற வரலாற்றை நாம்தான் எழுதியாக வேண்டும்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு நிதியுதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையம். அங்கிருந்து கம்பியில்லாக் கருவி வழியாகச் செய்திகள் கிராமங்களுக்குப் போயின. கரண்டு அடிக்கடி போகும் என்பதால் சூரிய ஒளித் தகடு வைத்தார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து நல்லவாட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. மையத்து ஒலிபெருக்கி அதை ஊருக்குச் சொன்னது. சனங்க ஓடித் தப்பிச்சாங்க. செய்தி என்பது சொகுசு அல்ல, உயிர்.

இதே திட்டத்தில் எம்பலம் கிராமத்து மையம் கோயில் கட்டிடத்தில் இருந்தது. ஒரு வாசல் சாமிக்கு. அதில் தலித்துகளும் மாதவிலக்கான பெண்களும் நுழையக் கூடாது. இன்னொரு வாசல் கணிப்பொறிக்கு. அதில் யாரும் நுழையலாம். 2000ஆம் ஆண்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ இதை உலகத்துக்கே எடுத்துச் சொன்னது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. இரண்டாவது வாசலைத் திறந்தது கணிப்பொறி அல்ல. எல்லோரும் வந்துபோகிற பொது இடம் தந்தால்தான் மையம் என்கிற நிபந்தனைதான் திறந்தது. நிபந்தனை இல்லாத முதல் வாசலைக் கணிப்பொறியால் அசைக்க முடியவில்லை.

அடுத்து அரசு வந்தது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஒளியிழைக் கம்பி போடும் திட்டத்துக்கு 2011இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 2015இல் அதற்கு ‘பாரத்நெட்’ என்று பெயர் மாற்றினார்கள். இலக்கு இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகள். தமிழ்நாட்டில் 12,525. கம்பி பஞ்சாயத்து வரைக்கும் வரும் என்கிறார்கள். சரி, பஞ்சாயத்து யாருடையது?

மேலவளவில் தனிப் பஞ்சாயத்தின் தலைவரான முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் ஒருவர் தலைவராகிவிடக் கூடாது என்பதற்காகவே 2006 வரை பத்து வருசம் தேர்தலை முடக்கினார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த செய்தி வெளியே வந்தது. தலைவருக்கே நாற்காலி இல்லாத அலுவலகத்தில், சேரிப் பிள்ளை போய்க் கணிப்பொறி முன்னால உட்கார முடியுமா?

இப்பத்தான் எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே, அதுக்கென்ன தெரு, அதுக்கென்ன சாதி என்று கேட்கிறவர்கள் உண்டு. 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியபோது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. வீட்டுக்கு ஒரு போன், அதையும் அப்பன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனால், பிள்ளைக்கு வகுப்பு ஏது? கூலி வேலை நின்ற வீட்டில் டேட்டாவுக்குக் காசு ஏது?

2019இல் கேரள உயர்நீதிமன்றம் இணைய வசதி கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. 2023இல் கேரள அரசு கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியபோது, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவித்திருந்தது. அறிவிப்பு அங்கே எவ்வளவு நிறைவேறியது என்று தனியாகக் கணக்குக் கேட்கலாம். ஆனால் இணைப்பை அலுவலகத்துக்கு அல்ல, வீட்டுக்குத் தர வேண்டும் என்கிற எண்ணம் சரியானது.

நாம் கேட்க வேண்டியதும் அதுதான். சேரிக்குள்ளேயே இணைப்பு முனை வேண்டும். அதை நடத்துகிற வேலை நம் பிள்ளைகளுக்கு வேண்டும். எத்தனை பஞ்சாயத்துக்குக் கம்பி போச்சு என்று கணக்குச் சொல்கிறவர்கள், எத்தனை சேரிக்குப் போச்சு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1924இன் தீர்மானத்தைச் சாலையில் நடந்துதான் நிலைநாட்டினோம். இந்தச் சாலையிலும் நடந்துதான் ஆக வேண்டும்.