நச்சுத் தலைமையும் விடுதலை அமைப்புகளும்

கண்டிப்பான தலைமை வேறு, நச்சுத் தலைமை வேறு. பணியில் கடுமை காட்டுவோரையெல்லாம் இப்பெயரால் அழைப்பது பிழை. தம் அதிகாரத்தைக் காத்துக்கொள்ள, உடனிருப்போரின் தன்மதிப்பையும் அமைப்பின் நோக்கத்தையும் தொடர்ந்து சிதைக்கும் தலைமையையே நாம் அவ்வாறு குறிக்கிறோம். மார்சியா விக்கர் 1996இல் வெளியிட்ட நூலின் வழியாக இச்சொல் பரவலானது. 2007இல் பாடில்லா, ஹோகன், கைசர் ஆகிய ஆய்வாளர்கள் இதனை ஒரு முக்கோணமாக விளக்கினர்: சிதைக்கும் தலைவர், வளைந்து கொடுக்கும் தொண்டர், இடமளிக்கும் சூழல்.

இவற்றுள் இரண்டாவதை அண்ணல் அம்பேத்கர் வெகுகாலம் முன்பே சுட்டினார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் புகும் பக்தி சர்வாதிகாரத்தில் முடியும் என எச்சரித்தார். அவர் படத்துக்கு மாலையிடும் அமைப்புகளே இதனை மறப்பதுதான் முரண்.

அவர் மறைவுக்குப் பின் 1957இல் தொடங்கப்பட்ட இந்தியக் குடியரசுக் கட்சி சில ஆண்டுகளிலேயே பிளவுண்டது. 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் 1974இல் பிளந்து, 1977இல் கலைக்கப்பட்டது. கொள்கை வேறுபாடும் அரசின் ஒடுக்குமுறையும் இதில் பங்காற்றின. அனைத்தையும் தலைவர்கள்மீது சுமத்துவது நியாயமன்று. ஆயினும் தலைவர்களிடையே நேர்ந்த பூசலுக்கு விலை கொடுத்தவர்கள் சேரிகளில் இருந்தோரே.

சிறிய அமைப்புகளில் இது ஓசையின்றி நிகழ்கிறது. கணக்குக் கேட்பவர் துரோகி ஆகிறார். தலைவர்மீது புகார் சொல்லும் பெண்ணிடம், 'இயக்கத்தின் பெயர் கெடும்' என்கின்றனர். எதிரி வலியவன் என்பது மெய். அந்த மெய்யே வாயடைக்கும் கருவியாகிறது. துணிவுள்ள இரண்டாம் நிலையினர் முதலில் வெளியேற, தலையாட்டுவோர் எஞ்சுகின்றனர். களத்தின் கெட்ட செய்தி அதன்பின் மேலே செல்வதில்லை.

பெருங்கேடு வழக்குகளில் விளைகிறது. வன்கொடுமை வழக்கின் கட்டு, வழக்கறிஞரின் தொடர்பு, சாட்சிகளின் நம்பிக்கை யாவும் ஒருவர் கையில் இருந்தால், அவர் விலகும் நாளில் பாதிக்கப்பட்டவர் அடுத்த வாய்தா எப்போது என்பதையும் அறியாது நிற்பார். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, பிணை விசாரணையிலும் தம் தரப்பைச் சொல்லும் உரிமையை அவருக்கு அளித்துள்ளது. முதல் தகவல் அறிக்கையின் நகலும் அவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். அந்த நகல் தலைவரின் அலமாரியில் அன்று, அவர் வீட்டில் இருக்க வேண்டும்.